ககாபோவுக்கு வைத்த கூடுதல் தீனி: தாயின் எடையும் குஞ்சின் பாலினமும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்தின் ககாபோ கிளிகள் 1995-இல் மொத்தமே 51 இருந்தன. அவற்றில் பெண் பறவைகள் ஏறக்குறைய இருபதுதான். இனத்தைப் பெருக்க வேண்டும் என்று அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கொட்டைகள், பழம், கிழங்கு என்று காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். தின்ற தாய்கள் முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன. ஆனால் அந்தக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆண். தீனி வைக்காத தாய்களின் குஞ்சுகளிலோ ஆண் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெண்ணுக்குத் தட்டுப்பாடு உள்ள இனத்தில், அக்கறையோடு வைத்த தீனியே ஆண்களைக் கூட்டிக்கொண்டிருந்தது.

கிளிகளின் உணவைத் தனியாகவும் நடத்தையைத் தனியாகவும் படிப்பவர்களுக்கு இது பிடிபட்டிருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்ததும் திருத்தவும் முடிந்தது. எதை மாற்றினார்கள், எந்த அளவில் மாற்றினார்கள், அதற்குப் பிறகும் எது கைக்கு அடங்கவில்லை என்பதே இங்கு விவரம்.

பறவையின் இயல்பு

மாவோரி மொழியில் ககாபோ என்றால் இரவுக்கிளி. பறக்காது. நம் ஊர்ப் பச்சைக்கிளி 120 கிராம் அளவில் இருக்கும். ககாபோவின் பெண் ஒன்றரைக் கிலோவை ஒட்டி நிற்கும், ஆண் இரண்டு கிலோவைத் தாண்டும். இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் கொழுத்த ஆண் 4 கிலோ வரைகூடப் போவதுண்டு. உலகிலேயே அதிக எடையுள்ள கிளி இது. பாசி நிற உடல், ஆபத்து வந்தால் ஆடாமல் அசையாமல் நிற்கும் பழக்கம். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவைகளிடமிருந்து அந்தப் பழக்கம் காப்பாற்றியது; மோப்பம் பிடித்து வரும் பூனைக்கும் ஸ்டோட் எனும் கீரியைப் போன்ற விலங்குக்கும் முன்னால் அதுவே எமனானது.

தின்னும் முறையைச் சொல்லியாக வேண்டும். இலையைப் பிய்த்து விழுங்காது. செடியிலிருந்து பறிக்காமலே இலையை அலகில் வைத்து அரைத்து, சாற்றை உறிஞ்சிக்கொண்டு நாரை அப்படியே விட்டுவிடும். கரும்பை மென்ற சக்கை போல அந்த நார் உருண்டை செடியிலேயே தொங்கும். சில நாள் வெயிலில் வெளுத்துப்போகும். இரவில் மட்டும் நடமாடும் பறவையை நேரில் பார்ப்பது அரிது என்பதால், களப்பணியாளர்கள் அது இருக்கிறதா என்று அறிவது பெரும்பாலும் இந்தச் சக்கையை வைத்துத்தான். அரைக்கிற வேலையெல்லாம் அலகிலேயே முடிந்துவிடுவதால் இதன் அரைப்பை உடல் அளவுக்குச் சிறியது. நார் வயிற்றுக்குப் போவதில்லை. ஆகவே குறைந்த சத்துள்ள இலையைக்கொண்டு மெதுவாக, அளவாக வாழப் பழகிய உடல் இது. இப்படிப்பட்ட உடலுக்குள் வால்நட் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

குடும்பம் நடத்தும் முறையும் மற்ற கிளிகளைப் போல இல்லை. பெரும்பாலான கிளிகள் ஜோடியாக வாழ்பவை. ஆணும் சேர்ந்து தீனி ஊட்டும். ககாபோ ஆண்களோ பருவம் வந்ததும் மேட்டு நிலத்தில் ஆளுக்கொரு குழி பறித்து, அதற்குப் போகும் தடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, நெஞ்சில் காற்றை நிரப்பி முழங்கும். அந்தத் தாழ்ந்த ஒலி 5 கிலோமீட்டர் வரை கேட்கும். இரவுக்கு எட்டு மணி நேரம்கூட இப்படி முழங்கும். மாதக் கணக்கில் தொடரும். பெண் தேடி வந்து, பிடித்த ஆணுடன் கூடிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு ஆணுக்கு வேலை இல்லை. கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் தாய் ஒருத்தியின் பொறுப்பு. முழங்கும் ஆண்களில் ஒரு சில மட்டுமே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தகப்பனாகின்றன. மற்றவை வருடக்கணக்கில் முழங்கியும் ஒரு வாரிசு இல்லாமல் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளின் ஆண்-பெண் விகிதக் கதை இதில்தான் தொங்குகிறது.

இத்தனைக்கும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் வருஷத்தில்தான் இடும். மாமரத்துக்குக் காய்ப்பு வருஷம், ஓய்வு வருஷம் இருப்பது போல ரிமுவுக்கும் உண்டு. ஆனால் அது ஒரு மரத்தோடு நிற்காமல் தீவு முழுக்க ஒன்றாக நடக்கும்.

தீவுகளுக்குப் போன பறவைகள்

ககாபோவைத் தீவுக்குக் கொண்டுபோய்க் காப்பது புதிய யோசனை அன்று. 1894-இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெசல்யூஷன் தீவின் காவலராக நியமிக்கப்பட்டு, சில நூறு பறவைகளைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார். 1900-இல் ஸ்டோட்கள் நீந்தியே அந்தத் தீவை அடைந்துவிட்டன. 1970-களில் நியூசிலாந்தின் தென்மேற்கில் உள்ள ஃபியோர்ட்லாந்து மலைகளில் தேடியபோது அகப்பட்ட 18 பறவைகளும் ஆண். இனம் முடிந்தது என்றே நினைத்தார்கள். 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது, அதில் பெண்களும் இருந்தன. அங்கே பூனைகள் அவற்றைக் கொன்று தின்றுகொண்டிருந்ததால் பறவைகளை வேறு தீவுகளுக்கு மாற்றினார்கள். 1982-இல் 22 பறவைகள் வடக்கே உள்ள ஹவுதுரு தீவுக்குப் போயின. 1987 முதல் தெற்கே வெனுவா ஹோவ் தீவுக்கும் கொண்டுபோனார்கள். வெனுவா ஹோவில் முட்டையையும் குஞ்சையும் தின்ற பசிபிக் எலிகளை 1998-இல் ஒழித்தார்கள்.

கொல்லும் விலங்கு இல்லாத தீவில் பறவை சாகவில்லை. ஆனால் பெருகவும் இல்லை. குறிப்பாக ஹவுதுருவில் ஆண்டுகள் போயும் கூடு கட்டவில்லை. தீனி போதவில்லை என்று எண்ணியது இயல்பு.

1989: தீனி வைத்தல்

ஹவுதுருவில் 1989-இல் தீனி வைக்கத் தொடங்கினார்கள். ஆப்பிள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாதாம், பிரேசில் கொட்டை, வால்நட், சூரியகாந்தி விதை. பறவையின் எல்லைக்குள் பெட்டி வைத்து, அது வந்து தின்னும்படி பழக்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஆண்கள் முழங்கின, சில பெண்கள் கூடு கட்டின. முறை பலிக்கிறது என்ற நம்பிக்கை வந்தது; பிற தீவுகளுக்கும் பரவியது.

இரண்டு விஷயங்கள் பின்னால்தான் தெரிந்தன. முதலாவது, தெற்குத் தீவுகளில் தீனி எவ்வளவு வைத்தாலும் ரிமு காய்க்காத வருஷத்தில் பறவை முட்டையிடுவதில்லை. முட்டையிடும் வருஷத்தைத் தீர்மானிப்பது மரம். தீனிப்பெட்டி அதை மாற்றவில்லை. இரண்டாவதுதான் ஆண்-பெண் விகிதம். மிக் கிளவுட், கிரேம் எலியட், புரூஸ் ராபர்ட்சன் மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, தீனி உண்ட தாய்களின் குஞ்சுகளையும் உண்ணாத தாய்களின் குஞ்சுகளையும் பிரித்து எண்ணிப் பார்த்தது. முதலில் சொன்ன கணக்கு அதிலிருந்து வந்ததுதான்: தீனி உண்டவற்றில் ஆண் 67 விழுக்காடு, உண்ணாதவற்றில் 29 விழுக்காடு.

எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கக் கூடாது. மொத்த இனமே அறுபது சொச்சம் பறவை என்றால், எண்ணக் கிடைக்கும் குஞ்சுகள் இன்னும் குறைவு. தாய்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிக்குத் தீனி, பாதிக்கு இல்லை என்று ஒரு முறையான சோதனை நடத்தவும் முடியாது. அப்படியிருந்தும் இந்தக் கணக்கை உதறித்தள்ளாமல் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குப் பின்னால் ஒரு தெளிவான கோட்பாடு இருந்தது.

ஏன் ஆண்?

1973-இல் ராபர்ட் டிரைவர்ஸ், டான் வில்லார்ட் இருவரும் முன்வைத்த கருத்து இது. ஒரு சில ஆண்களே பெரும்பாலான பெண்களுடன் கூடும் இனத்தில், வலுவான மகன் ஒருவன் ஏராளமான பேரக்குஞ்சுகளைத் தருவான். நோஞ்சான் மகன் ஒன்றும் தர மாட்டான். மகளோ எப்படியிருந்தாலும் சிலவற்றையாவது பெற்றுவிடுவாள். ஆகவே நல்ல ஊட்டத்தில் இருக்கும் தாய்க்கு மகனைப் பெறுவது லாபம். மெலிந்த தாய்க்கு மகளைப் பெறுவதே பாதுகாப்பு. ககாபோவின் முழங்கும் ஆண்களைப் பற்றி மேலே சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். கோட்பாடு கேட்கும் நிபந்தனை முழுவதும் அங்கே இருக்கிறது. மகன் மகளைவிடப் பெரிதாக வளர்வதால் அவனை வளர்க்கத் தீனியும் கூடுதல் வேண்டும்.

பறவைகளில் இதற்கு உடலமைப்பும் இடம் தருகிறது. நம் உயிரினத்தில் குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தகப்பனின் குரோமோசோம். பறவைகளில் அது தலைகீழ்: ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. எந்தக் குரோமோசோம் முட்டைக்குள் போகிறது என்பது தாயின் உடலுக்குள், கருமுட்டை பிரியும் கட்டத்தில் முடிவாகிறது. அந்தக் கட்டத்தில் தாயின் ஊட்டநிலை என்னவாக இருந்தது என்பதே கேள்வி. குஞ்சு பொரித்த பிறகு கொடுக்கும் தீனியால் பாலினம் மாறப்போவதில்லை. நடைமுறைக்கு இந்த ஒரு வரிதான் திறவுகோல்: தீனியை நிறுத்த வேண்டியதில்லை, அது சேரும் காலத்தை மாற்றினால் போதும்.

1.5 கிலோ என்ற கோடு

பழைய எடைக் குறிப்புகளை எடுத்து, கூடுவதற்கு முன் எந்தத் தாய் எவ்வளவு எடை இருந்தது, அதற்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்று பொருத்திப் பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேலே போன தாய்களிடம் மகன்கள் அதிகம். 2002 பருவத்தில் இதை வைத்தே தீனித் திட்டம் போட்டார்கள். ராபர்ட்சன் குழு 2006-இல் இதை வெளியிட்டது.

செய்முறை இப்படி அமைந்தது.

ஒவ்வொரு பறவையின் முதுகிலும் கயிற்றுப் பட்டை போட்டு ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டியிருக்கும். பேட்டரி தீர்வதற்குள் ஆண்டுக்கொருமுறை பிடித்து அதை மாற்றும்போதே எடை, இறகு, கழிவுத்துளை, உண்ணி எல்லாம் பார்த்துவிடுவார்கள். தீனிப்பெட்டிக்கு ஒரு மூடி. பறவை அதைத் தூக்கித் தின்னப் பழகிவிடும். பெட்டிக்கு முன் நிற்கும் இடத்தில் தராசு. பின்னாளில் வந்த பெட்டிகள் டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையை வைத்து வந்தது எந்தப் பறவை என்று அறிந்து, உரிய பறவைக்கு மட்டும் திறக்கும். இது ஆடம்பரம் அன்று. ஒரே பெட்டியில் பக்கத்து எல்லைப் பறவை வந்து தின்றுவிட்டால், யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கே பொய்யாகிவிடும். மெலிந்த தாய்க்கு வைத்ததைக் கொழுத்த ஆண் தின்றுவிட்டுப் போகும்.

பருவத்துக்கு முந்தைய மாதங்களில் எடையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒன்றரைக் கிலோவை நெருங்கும் தாய்க்குத் தீனியைக் குறைக்க வேண்டும். மிகவும் மெலிந்த தாய்க்கு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் ஒரேயடியாக மெலிந்தவை முட்டையே இடாமல் போகலாம். அதாவது கோட்டுக்குக் கீழே, ஆனால் முட்டையிடும் திடத்தோடு வைத்திருக்க வேண்டும். முட்டை இட்டு முடித்ததும் கட்டுப்பாடு இல்லை. அப்போது பெட்டியைக் கூட்டுக்கு அருகே நகர்த்திக் கொடுக்கலாம். தாய் தீனி தேடி வெகுதூரம் போகாததால் முட்டை குளிரில் கிடக்கும் நேரமும் குறையும்.

2002-இல் ரிமு அமோகமாகக் காய்த்தது. 24 குஞ்சுகள் தேறின. இனம் 62-இலிருந்து 86-ஆனது. ஆண் மிகை மறைந்தது. முன்கூட்டியே கோட்பாட்டைச் சொல்லி, அதன்படி தீனியை மாற்றி, விளைவையும் பார்த்த அபூர்வமான உதாரணம் இது. ஒரு பருவத்தின் முடிவு என்பதால் இதை நூறு விழுக்காடு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழிவின் விளிம்பில் நிற்கும் இனத்துக்கு, மருந்தில்லாமல், எடையைப் பார்த்துப் பெட்டியைத் திறப்பதாலேயே கிடைத்த இந்தப் பலன் பெரியது.

கொட்டையிலிருந்து பெல்லட்டுக்கு

எடை மட்டும் பிரச்சினை அன்று. கொட்டைகளின் சத்துக் கணக்கே முட்டையிடும் தாய்க்குப் பொருந்தாதது. 100 கிராம் வால்நட்டில் கொழுப்பு 65 கிராம், கால்சியம் 100 மில்லிகிராம் அளவு, பாஸ்பரஸ் 350 அளவு. சூரியகாந்தி விதையில் கொழுப்பு 50 கிராம், கால்சியம் 80-க்கும் குறைவு, பாஸ்பரஸ் 660. கால்சியத்துக்கு எட்டு மடங்கு பாஸ்பரஸ்! முட்டையிடும் பறவைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மிகும்போது குடலில் கால்சியம் சேர்வது தடைபடும். உடல் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். எலும்பு பலவீனம், மெல்லிய ஓடு, முட்டை அடைத்துக்கொள்வது ஆகியவை அதன் தொடர்ச்சி. சட்டப்படி அனுமதியுள்ள வெளிநாட்டுக் கிளிகளைச் சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கொண்டுவரும் வலிப்பும் எலும்பு முறிவும் பலமுறை இதே கணக்கிலிருந்து வருபவைதான்.

எனவே 2000-களில் கொட்டைகளைக் குறைத்து, புரதமும் கால்சியமும் வைட்டமின்களும் அளந்து சேர்த்துச் சிறு துண்டுகளாக்கிய பெல்லட் தீனிக்கு மாறினார்கள். பெல்லட்டில் இன்னொரு வசதி, கிளி பொறுக்கித் தின்ன முடியாது. கலப்பு விதை வைத்தால் கொழுப்பு மிகுந்ததை முதலில் தின்றுவிட்டு மீதியைக் கொட்டிவிடும். ஈரம்தான் பெல்லட்டுக்கு எதிரி. தெற்குத் தீவுகளில் மழை ஓயாது. பெட்டிக்குள் நீர் இறங்கினால் பெல்லட் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். மூடி சரியாகப் படிகிறதா என்று பார்ப்பதும், மீந்ததைக் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவிக் காயவைப்பதும் சலிப்பான வேலை. ஆனாலும் தவிர்க்கக் கூடாதது.

வைட்டமின் டி தனிப் புதிர். இரவில் நடமாடி, பகலில் அடர்ந்த செடிக்கடியில் உறங்கும் பறவைக்கு வெயில் படுவதில்லை. இதன் இரத்தத்தில் அந்த வைட்டமின் மிகக் குறைவாக இருப்பதும் கண்டறியப்பட்டது. பிறகு குஞ்சின் எலும்பு எப்படி வளர்கிறது? 2016-இல் வெளிவந்த வான் ஹர்ஸ்ட், மூர்ஹவுஸ், ராபென்ஹைமர் ஆய்வு ரிமு பழத்தைப் பிரித்துப் பார்த்தது. கால்சியமும் வைட்டமின் டியும் அதில் தாராளமாக இருந்தன. ஒரு மரம் காய்க்கும் வருஷத்துக்காகப் பறவை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஏன் என்பதற்கு இது பாதி விடையாவது தருகிறது.

ரிமு பழுக்காத வருஷம்

பெல்லட்டில் எல்லாம் இருக்கிறதென்றால் ரிமு எதற்கு? 2009 பருவம் இதற்கு விடை சொன்னது. காய் நிறையப் பிடித்தது. பறவைகள் நம்பிக் கூடு கட்டின. 33 குஞ்சுகள் வந்தன. ஆனால் காய் பழுக்கவில்லை. ரிமு பழுக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். இடையில் குளிர் கூடினால் பச்சையாகவே நின்றுவிடும். தாய்கள் பெட்டியில் வைத்த பெல்லட்டைத் தாங்கள் தின்றன; குஞ்சுகளை வளர்க்க அது போதவில்லை. அன்றாடம் குஞ்சுகளை எடை பார்த்தவர்களுக்கு எடைக்கோடு கீழே இறங்குவது தெரிந்தது. பெரும்பாலான குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்க்க வேண்டியதாயிற்று.

கையால் வளர்ப்பதில் எங்கெல்லாம் தவறும் என்பது எல்லாக் கிளிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ககாபோக் குஞ்சு பொரிக்கும்போது 30 கிராம் அளவில் இருக்கும், கண் திறக்காது, தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. கூழை 39 முதல் 41 டிகிரி சூட்டில் ஊட்ட வேண்டும். ஆறிய கூழ், தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் அப்படியே தங்கிப் புளிக்கும். அதிகச் சூடு தீனிப்பையைச் சுட்டுவிடும், புண் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும். நன்றாகக் கலக்கித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஊட்டவே கூடாது. முந்தைய வேளையின் தீனிப்பை காலியாகாமல் அடுத்த வேளை ஊட்டுவதும் தவறு. தினமும் ஒரே நேரத்தில், காலையில் வயிறு காலியாக இருக்கும்போது எடை பார்க்க வேண்டும். நேரம் மாறினால் எடை ஒப்பிட உதவாது.

நடத்தையில் வரும் கேடு இதைவிட ஆழமானது. 1997-இல் பொரித்த சிரோக்கோ என்ற ஆண், மூச்சு நோயால் சிறு வயதிலேயே தாயிடமிருந்து எடுக்கப்பட்டு மனிதர் கையில் தனியாக வளர்ந்தது. வளர்ந்த பின் அது பெண் ககாபோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனிதரைத்தான் ஜோடியாக நினைத்தது. 51 பறவைகள் இருந்த காலத்துக்கு இரண்டே ஆண்டு கழித்து, ஓர் ஆண் பறவை இனப்பெருக்கக் கணக்கிலிருந்து போனது. அதன் பிறகு குஞ்சுகளைத் தனியே வளர்க்காமல் கூட்டமாக வளர்க்கிறார்கள். தேறியதும் முடிந்தவரை விரைவில் காட்டுக்குத் திருப்புகிறார்கள். முடிந்தால் வேறொரு தாயின் கூட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். ககாபோத் தாய் மாற்றுக் குஞ்சை ஏற்பது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த பெரிய கொடை.

2019: விளைச்சலும் பூஞ்சையும்

2018 முடிவில் ரிமு காய்த்த காய்ப்பு பல பத்தாண்டுகளில் கண்டிராதது. பெண்கள் ஏறக்குறைய அனைத்தும் முட்டையிட்டன. பருவமும் வழக்கத்தைவிட முன்னதாகத் தொடங்கியது. முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்து, தாய்களை இரண்டாம் ஈடு இடச் செய்தார்கள். 70-க்கு மேற்பட்ட குஞ்சுகள் தேறின. ஒரே பருவத்தில் அதற்கு முன் அவ்வளவு வந்ததில்லை.

2019 ஏப்ரலில் வெனுவா ஹோவில் ஆஸ்பெர்ஜில்லஸ் எனும் பூஞ்சையால் வரும் நுரையீரல் நோய் வெடித்தது. இந்தப் பூஞ்சை எங்கும் உண்டு. மட்கும் இலை, ஈரமான கூட்டு மண், பூசணம் பிடித்த தீனி எல்லாவற்றிலும். பறவையின் நுரையீரலிலிருந்து காற்றுப்பைகள் உடலெங்கும் பரவியிருப்பதாலும், இருமி வெளியேற்ற உதரவிதானம் இல்லாததாலும், உள்ளே போன வித்து அங்கேயே வேர்விடும். நோய் முற்றும்வரை பறவை காட்டிக்கொள்ளாது. மூச்சு வாங்குவது தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எடை குறைவதும் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடுவதும்தான் முன்னறிகுறி. ஆகவே சந்தேகம் உள்ள பறவைகளையெல்லாம் ஹெலிகாப்டரில் ஏற்றி, ஆக்லாந்து, டுனேடின், பாமர்ஸ்டன் நார்த் மருத்துவமனைகளுக்கு அனுப்பி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத சிறு முடிச்சுகளையும் ஸ்கேன் காட்டியது.

21 பறவைகளுக்கு நோய், 9 இறந்தன. மீண்டவற்றுக்கு வாய்வழி மருந்தும், பூஞ்சை மருந்தை நுண்புகையாக்கி மூச்சில் செலுத்தும் முறையும் மாதக்கணக்கில் தேவைப்பட்டன. ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்தத் தீவு? கூடுகள் நெருங்கியிருந்தது, தாய்கள் ஓய்வில்லாமல் நீண்ட காலம் குஞ்சு வளர்த்துக் களைத்தது ஆகியவை சேர்ந்திருக்கலாம் என்பதே நியாயமான அனுமானம். எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடலில்தான் இந்தப் பூஞ்சை பிடிக்கும் என்பது கிளி மருத்துவத்தில் பழைய பாடம். எண்ணிக்கையைக் கூட்டிய அதே விளைச்சல்தான் பறவைகளை நெருக்கியது, களைக்கவும் வைத்தது.

கூமுட்டைகள்

தீனியால் தீராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ககாபோ இடும் முட்டைகளில் கிட்டத்தட்ட பாதி கூமுட்டை. இனம் குறுகியபோது நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடியது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கூடலின் நேரம், எந்த ஆண் என்பதையெல்லாம் ஆணின் டிரான்ஸ்மிட்டரே பதிவு செய்துவிடுவதால், ஒரே ஒரு ஆணுடன் கூடிய பெண் எது என்று தெரியும். அத்தகைய பெண்ணுக்கு வேறொரு ஆணின் விந்தைச் செயற்கையாகச் செலுத்திப் பார்க்கிறார்கள். 2009-இல் இது முதன்முதலாகப் பலித்தது. 2023-இல் வெளியான ஆய்வு 169 ககாபோக்களின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தது. குஞ்சின் வளர்ச்சி வேகம், நோய்த் தாக்கம் ஆகியவற்றில் மரபின் பங்கை அதிலிருந்து கணிக்க முடிகிறது. ஃபியோர்ட்லாந்திலிருந்து வந்து மரபைத் தந்த பறவை ரிச்சர்ட் ஹென்றி ஒன்றுதான். காவலரின் பெயரையே சூட்டியிருந்தார்கள். 2010 முடிவில் அது இறந்தது. இன்று அதன் வாரிசுகள் ஒவ்வொன்றும் மற்றவற்றைவிடக் கவனமாகப் பார்க்கப்படுகின்றன.

இப்போதைய நடைமுறை

2022 பருவத்தில் 55 குஞ்சுகள் தேறி, எண்ணிக்கை 252-ஐத் தொட்டது. ஒவ்வொரு குஞ்சையும் எடை பார்த்து, ஒவ்வொரு கூட்டையும் கேமராவில் கவனித்து இத்தனை பறவைகளுக்குச் செய்ய ஆள் போதாது. எனவே எங்கே கையை எடுக்கலாம் என்பதுதான் இப்போது ஆய்வுக்குரிய கேள்வி. தீனிப்பெட்டியும் அந்தக் கேள்வியில் அடக்கம். பறவை மெலிந்திருக்கிறதா, இனப்பெருக்க ஆண்டா, முட்டையிட்டாயிற்றா என்று பார்த்து வைப்பதே சரி; எல்லோருக்கும் எப்போதும் வைப்பது தவறு என்பது 2002-இலிருந்தே தெரிந்ததுதான்.

வரும் பருவத்தைக் கணிக்க ரிமுவின் நுனிக்கிளைகளை எண்ணுகிறார்கள். குறித்து வைத்த மரங்களில், நூறு நுனிக்கு எத்தனையில் காய் பிடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பத்தைத் தாண்டினால் பறவை கூடு கட்டும் என்று எதிர்பார்க்கலாம். அந்த எண் வந்த பிறகுதான் எந்தத் தாயின் பெட்டி திறக்கும், எது மூடியிருக்கும் என்ற பட்டியல் தயாராகும்.

2023 ஜூலையில், வேலி போட்டு வேட்டை விலங்குகளை நீக்கிய மவுங்கடவுடாரி மலைக்கு நான்கு ககாபோக்களைக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக அவை நியூசிலாந்தின் பெருநிலத்தில் கால் வைத்தன. நான்கும் ஆண். புது இடத்தில் என்ன ஆகுமோ என்று தெரியாதபோது பெண்ணை அனுப்பிப் பார்க்க அப்போது யாருக்கும் மனம் வரவில்லை. பின்னர் மேலும் சில ஆண்கள் போயின. சில பறவைகள் வேலியைத் தாண்டி வெளியேற, டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தேடிப் பிடித்து மீட்டார்கள்.